துரை காரின் ஹோர்ன்

பித்தளைக் குழலும் கறுப்பு ரப்பர் குமிழுமாக அந்த ஹோர்ன் எட்டு வருஷமாக என் தகரப் பெட்டியில் கிடக்கிறது. எறியவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

திம்புள்ளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் மாட்டு வண்டிகள் போய் லொறி வந்த புதிது. அதை ஓட்டியது நான். அதன் ஹோர்ன் இருமல்போல் ஒலிக்கும். கொழுந்து பறிக்கும் என் அண்ணி ஒருநாள் லயத்து வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, ஒங்க லொறி முடக்குல வந்து நிக்கிற வரைக்கும் எங்களுக்குத் தெரியவே மாட்டேங்குது. சத்தமா ஒண்ணு மாட்டுங்க, புண்ணியமாப் போகும்." தோட்டத்துத் துரை புதுக் கார் வாங்கியதும், பழைய காரின் ஹோர்னை அவருடைய டிரைவரிடம் கேட்டு வாங்கிப் பூட்டினேன். அண்ணியிடம் சொல்லவில்லை. திடீரென்று கேட்டு அசரட்டும் என்று நினைத்தேன்.

அன்று மத்தியானமே, மழை விட்ட நேரம், கொழுந்து நிறுக்கப் போகும் பெண்கள் கூடைகளோடு வரிசையாக ஏறி வந்தார்கள். மேலிருந்து இறங்கிய நான் முடக்கு வளைவுக்கு முன்பே, முறையாக, இரண்டு தரம் அமுக்கினேன். திரும்பியதும் கண்டேன். அத்தனை பேரும் பள்ளத்து ஓரத்தில் தலைக் கம்பளியை இறக்கிவிட்டுக் குனிந்து நின்றார்கள். துரை காரின் சத்தம் கேட்டால் அப்படித்தான். அது மேட்டை ஒட்டித்தான் திரும்பும்; அந்தப் பக்கம் ஆள் நிற்கக் கூடாது. அதுதான் எங்கள் தோட்டத்து மரியாதை. முதலில் நின்ற அண்ணி நிமிர்ந்து, என்னைக் கண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே, ஊறிக் கிடந்த ஓரம் சரிந்து அவரைக் கூடையோடு கொண்டுபோயிற்று. லொறி அவரைத் தொடவேயில்லை.

நாங்கள் பள்ளத்தில் இறங்கியபோது உயிர் இல்லை. அன்று இரவே ஹோர்னைக் கழற்றிப் பெட்டியில் போட்டேன்.

அதன்பின் பெண்கள் துரை காருக்கும் மேட்டுப் பக்கமே நின்றார்கள். கங்காணி கத்தினார். "அவரு மெதுவா வரட்டுங்க, நாங்க நகர மாட்டோம்" என்றாள், அன்று அண்ணிக்குப் பக்கத்தில் நின்ற பெண். கார் மெதுவாகத்தான் போயிற்று. இவ்வளவுதானா என்று இன்றும் நினைக்கிறேன். அந்தப் பெண்ணைத்தான் பிறகு கட்டிக்கொண்டேன்.

நேற்று பெட்டியை ஒழிக்கும்போது ஹோர்ன் கையில் அகப்பட்டது. என்ன புத்தியோ, ஒரு தரம் அமுக்கிவிட்டேன். அடுப்படியில் பாத்திரம் விழுந்தது. ஓடிப் போய்ப் பார்த்தேன். என் மனைவி தலைச் சேலையை இறக்கிவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றாள். நான்தான் என்று சொல்லியும் அவள் சுவரை விட்டு நகரவில்லை.