பெரியவரு வரலாம்

எழுபதுகளின் கடைசியில், செய்யாற்றங்கரையில் இருந்த எங்கள் ஊர் நாட்டாண்மை இறந்துபோனார். ஆடி மாதம் கூழ் ஊற்றும் நாளில் அம்மன் கோயிலில் யார் தலையில் பரிவட்டம் ஏறுகிறதோ, அவர்தான் அடுத்த நாட்டாண்மை. அம்மன் காலடியில் வைத்தெடுத்த மஞ்சள் துணிதான் அது. ஏரித் தண்ணீர்ப் பங்கீடும் ஊர்த் தீர்ப்பும் அதோடு அவர் கைக்குப் போகும். அதைக் கட்டுகிற பூசாரி என் அப்பா.

இறந்தவரின் தம்பிக்கும் மூத்த மகனுக்கும் போட்டி. வேறு ஆளுக்குக் கட்டினால் கை இருக்காது என்று இரண்டு பக்கமும் அப்பாவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"இன்னா நைனா பண்ணப் போற?" என்று அப்பாவைக் கேட்டேன்.

"பேரு சொன்னாத்தான வம்பு? பெரியவரு வரலாம்னு சொல்லிட்றேன். அவுங்களே பேசிக்கட்டும்."

கூழ் ஊற்றும் நாளில் கோயிலில் அப்படியே சொன்னார். வயதில் பெரியவர் தம்பி. மூத்த மகனையோ பிறந்ததிலிருந்தே பண்ணையாட்கள் பெரியவரு என்றுதான் கூப்பிடுவார்கள். இருவரும் ஒன்றாக முன்னால் வந்து தலையைக் குனிந்தார்கள்.

"அண்ணன் போனா நான்தான்டா பெரியவன். நீ இன்னும் மூக்கு சிந்திக்கினு கீற."

"எங்க வூட்டாண்ட வந்து கேளுங்க சித்தப்பா. மாடுகூட சொல்லும், யாரு பெரியவருன்னு."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைத் தாங்காமல் சித்தப்பா கையை ஓங்கினார். உடனே மகனுடைய ஆட்களின் இடுப்பிலிருந்து அரிவாள்கள் வெளியே வந்தன. கூழ்ப் பானைகள் உருண்டன. சித்தப்பாவின் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே விழுந்த வெட்டில் அவர் கூழிலேயே குப்புறச் சாய்ந்தார். நான் கற்பூரத் தட்டோடு நின்றேன்.

மகன் என் அப்பாவின் தலைமுடியைப் பிடித்தார். "யாரக் கூப்ட்ட, சொல்லு."

"பெரியவரத்தான்..."

தடி அப்பாவின் மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

"இப்ப ஒரே பெரியவருதான். கட்டு."

துணியின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடது கையால் அப்பா கட்டினார். உதவப் போன என்னை முழங்கையால் தள்ளிவிட்டார். மேளம் அடித்தார்கள்.

வெட்டுப்பட்ட சித்தப்பாவையும் கை முறிந்த அப்பாவையும் ஒரே மாட்டு வண்டியில் உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஓட்டியவன் மகனுடைய ஆள். பாதி வழியில் சித்தப்பா கண் திறந்தார்.

"பூசாரி, என்னத்தான கூப்ட்ட?"

நான் அப்பாவின் காலை அழுத்தினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"ஆமாங்க. உங்களத்தான்."

வண்டிக்காரன் திரும்பிப் பார்த்தான். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் சித்தப்பாவின் மூச்சு நின்றுவிட்டது. மறுநாள் கோயில் சாவியைக் கேட்டுப் பெரியவரிடமிருந்து எங்கள் வீட்டுக்கு ஆள் வந்தது.