ஆஸ்திரேலியாவுக்கு ஒரு டிரங்க் கால்

1. ரிலே

எழுபதுகளின் கடைசியில் ஏற்காடு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். முதல் நாளே சூப்பர்வைசர் ஹெட்செட்டை என் கையில் கொடுத்து ஒரே ஒரு விதியைச் சொன்னார்.

சேலத்திலிருந்து மலைப்பாதை நெடுக மரங்களுக்கு நடுவே வரும் லைன் அது. பனி இறங்கினால் குரல் பாதி வழியில் செத்துப்போகும். பூத்தில் நின்று பேசுகிறவருக்குக் கேட்காதது, ஸ்விட்ச் போர்டில் உட்கார்ந்திருக்கும் எனக்குக் கொஞ்சம் கேட்கும். அப்போது இந்தப் பக்கம் சொல்வதை அந்தப் பக்கத்துக்கும், அந்தப் பக்கம் சொல்வதை இந்தப் பக்கத்துக்கும் நான் திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்கு ரிலே என்று பெயர் வைத்திருந்தோம்.

"அவங்க சொன்னத மட்டுந்தாஞ் சொல்லோணும். ஒரு வார்த்த சேக்கக் கூடாது, ஒரு வார்த்த முழுங்கக் கூடாது," என்றார் சூப்பர்வைசர்.

எஸ்டேட்காரர்களின் சண்டை, பெண் பார்த்த முடிவு, சாவுச் செய்தி என்று எல்லாமே என் வாய் வழியாகப் போயிருக்கின்றன. ஒன்றிலும் உப்பு கூடியதில்லை, குறைந்ததில்லை. எனக்கு அதில் கர்வமே உண்டு.

2. பேர் வருமா

பஸ் நிற்கும் ஒண்டிக்கடை முக்கில் ரங்கசாமி என்பவர் ஆணி, கம்பி, பெயிண்ட் விற்றுக்கொண்டிருந்தார். மனைவி இல்லை. ஒரே மகன் குணா. இங்கே பள்ளிக்கூட மைதானத்தில் விக்கெட் கீப்பிங் பழகி, மெட்ராஸ் போய், கடைசியில் இந்திய அணியோடு ஆஸ்திரேலியாவுக்கே போய்விட்டான். இரண்டாவது கீப்பராகத்தான். இருந்தாலும் இந்த மலையிலிருந்து அவ்வளவு தூரம் போனவன் அவன் ஒருவன்தான்.

அப்பாவுக்கு மட்டும் கோபம். கடையை யார் பார்ப்பது? மகன் கிளம்பிய அன்று பஸ் ஏற்றிவிடக்கூட வரவில்லை. நாலு எட்டு தூரத்தில் கடைக்குள் உட்கார்ந்து ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். பஸ் கொண்டை ஊசி வளைவில் இறங்கிய பிறகுதான் வாசலுக்கு வந்து பார்த்தாராம். பக்கத்துக் கடைக்காரர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

அங்கே ஆட்டம் தொடங்கும்போது நமக்கு விடியற்காலை. ஆறு மணி ஷிப்டுக்கு நான் வரும்போது, ரங்கசாமி எக்ஸ்சேஞ்ச் படியில் டிரான்சிஸ்டரைக் காதோடு சேர்த்துப் பிடித்தபடி இருப்பார். கடையில் சரியாக எடுக்கவில்லை என்று சாக்குச் சொல்வார். கமென்டரி இங்கிலீஷில் ஓடும். அவருக்கு அதில் ஒரு வார்த்தை தெரியாது.

கேட்டதற்கு, "இங்கிலீசு தெரியாட்டி என்னங்க கண்ணு, பேரு தெரியுமில்ல," என்றார்.

பேர் வரவேயில்லை. டெஸ்ட் மேட்ச் எல்லாவற்றிலும் முதல் கீப்பரே ஆடினார். குணா தண்ணீர் கொண்டுபோனான். தண்ணீர் கொண்டுபோகிறவன் பேரை ரேடியோவில் சொல்வார்களா என்று ஒருநாள் கேட்டார். சில சமயம் சொல்வார்கள் என்றேன். போர்டை விட்டு எழுந்துவிட்டால் நானும் சேர்த்துச் சொல்கிறவள்தான்.

இனி ஒருநாள் போட்டிகள் இருக்கின்றன, அதில் இடம் கிடைக்கலாம் என்று ஆறுதல் சொன்னேன். அஞ்சு நாள் ஆட்டத்தில் கிடைக்காத இடமா ஒரு நாள் ஆட்டத்தில் கிடைக்கப்போகிறது என்று அவர் சலித்துக்கொண்டார். மறுநாளும் அதே படியில்தான் இருந்தார்.

3. மூன்று நிமிடம்

கடைசி டெஸ்ட் முடிந்த பிறகு ஒரு மத்தியானம், டீம் தங்கியிருந்த ஓட்டலுக்கு டிரங்க் கால் புக் செய்தார். சேலம், மெட்ராஸ், பம்பாய் எல்லாம் தாண்டி லைன் கிடைத்தபோது இங்கே ஒரே பனி. பூத்தில் அவருக்கு இரைச்சல் மட்டும் கேட்டது. குணாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல எனக்குக் கேட்டது. அப்பா என்ன சொல்கிறார் என்று கேட்டான்.

பூத்தின் கண்ணாடி வழியே ரங்கசாமியைப் பார்த்தேன். ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கன்னமெல்லாம் ஈரம்.

"ஆடாட்டிப் போவுது. ஊட்டுக்கு வந்துரச் சொல்லுங்க கண்ணு," என்றார்.

நான் ரிலே செய்தேன். "ஆடாட்டிப் போவுது. ஊட்டுக்கு வந்துரச் சொல்றாங்க." ஒரு வார்த்தை கூடவில்லை, குறையவில்லை. அவனுக்குத் தெளிவாகக் கேட்கட்டும் என்று நிறுத்தி, உரத்து, டியூட்டி குரலில் சொன்னேன்.

அந்தப் பக்கம் குணா, "சரிங்க," என்று மட்டும் சொன்னான். ஒரு காலுக்கு உண்டான மூன்று நிமிடம் முடிந்தது.

ஒருநாள் போட்டி ஒன்றில் முதல் கீப்பருக்கு விரலில் அடிபட்டு, குணா ஆடினான். அன்று ரங்கசாமி ஷிப்ட் நடுவில் உள்ளே வந்து, மூன்று தடவை பேர் சொன்னார்கள் என்று போர்டில் இருந்த எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் போனார். மகன் வரும் நாளை எண்ணத் தொடங்கினார். வீட்டுக்கு வெள்ளை அடித்தார்.

டீம் பம்பாயில் வந்து இறங்கியது. குணா மலைக்கு வரவில்லை. கடிதம்தான் வந்தது. ஆட்டத்தை விட்டுவிட்டுக் கடைக்கு வரச் சொன்னீர்கள், என்னால் முடியாது, பம்பாயிலேயே ஒரு கம்பெனி டீமில் சேர்ந்துவிட்டேன் என்று எழுதியிருந்தான்.

அதை என் முன்னால் விரித்து வைத்தார் ரங்கசாமி. "ஏனுங்க கண்ணு, நாஞ் சொன்னத அப்படியேதானுங்க சொன்னீங்க?"

"அப்படியேதாங்க சொன்னேன்."

அது உண்மை. அந்த உண்மையைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ரிலே செய்த அந்தச் சில விநாடிகள் மறுபடி கிடைக்காதா என்று இத்தனை வருஷம் கழித்தும் ஏங்குகிறேன்.

ரங்கசாமியைப் பூத்துக்குள் நிற்கச் சொல்லிவிட்டு, பம்பாயில் அந்தக் கம்பெனிக்கு நானே அவசரக் கால் போட்டேன். அன்று பனி இல்லை. "அப்பா?" என்ற குரல் பக்கத்து அறையிலிருந்து வருவது போலக் கேட்டது. லைன் தெளிவாக இருந்தால் ஆபரேட்டர் விலகிக்கொள்ள வேண்டும். கண்ணாடிக்குள் ரங்கசாமியின் தோள் குலுங்கியது, வாயில் பேச்சு வரவில்லை. அவருக்காக நான் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. லைனில் என்னை இணைக்கும் கீயை நிமிர்த்திவிட்டு ஹெட்செட்டைக் கழற்றி வைத்தேன். மூன்று நிமிடம் ஆனதும் நீட்டிக்க வேண்டுமா என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை.

வெகுநேரம் கழித்து வெளியே வந்தார். மகன் என்ன சொன்னான் என்று கேட்டேன்.

"ஒண்ணுஞ் சொல்லலீங்க. நானுஞ் சொல்லல. நா அழுதது அவனுக்குக் கேட்டுதுங்க கண்ணு."

அடுத்த வாரம் குணா வந்தான். இரண்டு நாள்தான் இருந்தான். இந்த முறை ரங்கசாமி பஸ் வரை போனார்.

பின்னால் வேலைக்கு வந்த பெண்களுக்கு நானும் அந்த விதியைத்தான் சொல்லிக்கொடுத்தேன். சொன்னதை மட்டும் சொல், எதையும் சேர்க்காதே. ஆனால் அழுதுகொண்டே சொன்னால், அழுகிறார் என்பதையும் சொல். அதுவும் அவர் சொன்னதுதான்.