சிக் லேபிளின் பின்பக்கம்

என் ஆய்வகக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு சிக் லேபிள் இருக்கிறது. கொருக்குப்பேட்டை சரக்கு யார்டில் பழுதான, ரயில்வே பேச்சில் ‘சிக்’ ஆன, வேகன்களின் மேல் ஒட்டும் அட்டை அது. ஒட்டிவிட்டால் அந்த வேகனை ரயிலிலிருந்து கழற்றித் தனித் தண்டவாளத்துக்குத் தள்ளிவிடுவார்கள். மாமா அந்த யார்டில் ஃபிட்டராக இருந்தவர். ஓய்வு பெற்றபோது பழைய அட்டைக் கட்டு ஒன்றை, நானும் தங்கியிருந்த ராயபுரம் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். மளிகைப் பட்டியல், கேஸ் பதிவு எண், எல்லாம் அவற்றின் பின்பக்கத்தில்தான். என்னிடம் இருக்கும் அட்டையில் என் கையெழுத்தில் மூன்று எண்கள். முதல் இரண்டுக்கு எதிரே ஒவ்வொரு வரி உண்டு. மூன்றாவது நெடுநாள் வெறுமையாக இருந்தது.

மாமாவுக்கு எலும்பு மஜ்ஜையில் புற்றுநோய் என்று தெரிந்தபோது நான் ஆராய்ச்சியில் சேர்ந்து இரண்டாவது வருடம். என் வேலையும் அதற்குப் பக்கத்தில்தான். செல்லுக்குள் சில புரதங்கள் மரபணுக்களை இயக்குகின்றன. வேலை முடிந்ததும் அவை அழிய வேண்டும். அழியாமல் தங்கிவிட்டால் செல் பெருகிக்கொண்டே போகும். அதனால் அழிக்க வேண்டிய புரதத்தின் மேல் செல் ஓர் அடையாளத்தை ஒட்டுகிறது. புரோட்டியாசோம் என்ற இயந்திரம் அந்த அடையாளத்தைப் பார்த்து அதைத் துண்டு துண்டாக உடைக்கிறது. இதை மாமாவிடம் சொன்னதும் சிரித்தார்.

"அட, நம்ம லேபிள்மா இது! இதுக்கா இத்தினி வருசம் படிக்கிற?"

அத்தை சமையலறையிலிருந்து, "நீயும்தான் முப்பது வருசம் ஒட்டுன. உனுக்கு டாக்டர் பட்டமா குட்த்தாங்க?" என்றார்.

அவருக்கு ஊசி ஒன்றும் மாத்திரை ஒன்றும் கொடுத்திருந்தார்கள். எது என்ன செய்யும் என்று கேட்டார். பட்டியல் போட்டால்தான் எனக்கு எதுவும் விளங்கும்; ஓர் அட்டையை எடுத்து எழுதினேன். 1. ஊசி: உடைக்கும் இயந்திரத்தை நிறுத்தும். 2. மாத்திரை: புற்றுச்செல் நம்பியிருக்கும் புரதங்களுக்கு லேபிள் ஒட்டும், இயந்திரம் அவற்றை உடைக்கும். 3 என்று போட்டதும் பேனா நின்றுவிட்டது. மாமா இரண்டு வரிகளையும் விரலால் தொட்டுப் படித்தார்.

"மிஷினையும் நிறுத்துறான், அதுக்கு வேலையும் குடுக்குறான். இன்னாம்மா இது, ஒண்ணும் பிரியலியே?"

எனக்கும் புரியவில்லை. ஆய்வகத்தில் இயந்திரத்தை நிறுத்தும் மருந்தைச் செல்களில் சேர்த்தால், லேபிள் ஒட்டி மறைந்துபோன புரதம் உடையாமல் திரும்பி வந்துவிடும். ஒவ்வொரு முறையும் பார்த்திருக்கிறேன். ஊசியால் இயந்திரம் முழுதாக நிற்பதில்லை, சில நாளில் மறுபடி ஓடும், புற்றுச்செல் உடைபடாத தன் குப்பையிலேயே மூச்சுத் திணறும் என்றெல்லாம் படித்தும் இருந்தேன். எதையும் ஒரு வரியில் அடக்க முடியவில்லை. "அப்புறம் எழுதித் தரேன் மாமா" என்றேன். ‘அதுவரைக்கும் ரெண்டையும் டாக்டர் சொன்னபடி போடுங்க’ என்றும் சொன்னேனா? எத்தனை முறை யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து, டோல்கேட் மருந்துக் கடைக்குப் புறப்பட்ட அத்தை, பழைய டப்பாவில் மாத்திரைகள் மிச்சம் இருப்பதைப் பார்த்து என்னைக் கூப்பிட்டார். மாமா பதற்றமே இல்லாமல் சுவர் நாள்காட்டியைக் காட்டினார். ஊசி போட்ட ஒவ்வொரு நாளிலும் சிவப்பு மையில் ஒரு சின்னக் கொடி. அந்த நாள்களில் மாத்திரையை விட்டிருக்கிறார்.

"வேகனுக்கு அடியில ஆள் கீறான்னா ரெண்டு பக்கமும் செவப்புக் கொடி நடுவோம். கொடி கீற வரைக்கும் எஞ்சின் அந்த லைனாண்ட வரக்கூடாது. மிஷின் நிக்கும்னு நீதான எழுதிக் குட்த்த? நின்னுகினு கீற மிஷினுக்கு எதுக்கும்மா லேபிளு?"

அந்த விதியை அவர் மீறாததால் முப்பது வருடத்தில் அவர் லைனில் ஓர் ஆள்கூட நசுங்கவில்லை. என் இரண்டு வரிகளும் சரி. அவற்றிலிருந்து அவர் எடுத்த முடிவிலும் ஓட்டை இல்லை. ஆனாலும் விழுங்கியிருக்க வேண்டிய மாத்திரைகள் டப்பாவில் கிடந்தன.

"ரெண்டும் சேர்ந்தாத்தான் பலன். ஒண்ணக்கூட விடாதீங்க" என்றார் மருத்துவர். ஏன் என்று கேட்டேன். நான் படித்திருந்ததையே சொன்னார். அதன் பிறகு மாமா ஒரு வேளையும் தவறவில்லை. ஊசி நாளில் மாத்திரையை வாயில் போடுமுன் என்னைப் பார்ப்பார். "கொடியப் புடுங்கிட்டேன். அப்பால எதுனா ஆச்சுன்னா நீதான் ஜவாப்பு."

அடுத்த மழைக்காலத்தில் நோய் திரும்பியது. விட்டுப்போன மாத்திரைகளாலா என்று மருத்துவரிடம் தனியாகக் கேட்டேன். சொல்ல முடியாது, எல்லாம் சரியாகப் போட்டவர்களுக்கும் திரும்புவதுண்டு என்றார். அது ஆறுதலா, வெறும் தகவலா என்று எனக்குப் பிடிபடவில்லை. அத்தை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. கடைசி வாரத்தில் மாமா கேட்டது ஒன்றுதான்: "அந்த மூணாவது, எழுதிட்டியா?"

நேற்று ஆய்வகத்தில் அதே சோதனை. இயந்திரத்தை நிறுத்தினேன், மறைந்த புரதம் வழக்கம்போலத் திரும்பி வந்தது. குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, இத்தனை நாள் தொடாத அந்த அட்டையில் பென்சிலால் எழுதினேன். ‘3. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் போடுங்கள்.’

அன்றைக்கே இதை எழுதிக் கொடுத்திருக்கலாம். இடம் இருந்தது.