ஏழாவது கூழாங்கல்

வெடிச் சத்தம் ஒன்று கேட்டதும் தனகோட்டி சட்டைப் பையிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்துக் கீழே போடுகிறார். அடுத்த சத்தம், அடுத்த கல். இடது காது மந்தம் என்பதால் வலது காதைப் பாறைப் பக்கம் திருப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ராஜகிரிக் கோட்டையில் மோதித் திரும்பும் எதிரொலிக்கு அவரிடம் கல் கிடையாது.

சிங்கவரம் சாலையோரக் கல்குவாரியில் இருபது வருஷமாக அவர்தான் வெடிக்காரர். பாறையில் குழி போட்டு, மருந்தைக் கெட்டித்து, திரிக்கு நெருப்பு வைத்துவிட்டு ஓடிவருகிற வேலை. ஆள் பெரிய தைரியசாலியாக்கும் என்று நினைப்பவர்கள் அவரோடு ஒருநாள் செஞ்சிக் கடைத்தெருவுக்குப் போய்வர வேண்டும். போன அமாவாசைக்கு, மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்ஸின் டயர் வெடித்தபோது ரேஷன் கடை வரிசையே திரும்பிப் பார்த்தது. தனகோட்டி மட்டும் பையை அணைத்தபடி தரையில் குப்புறப் படுத்திருந்தார். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, "ஒண்ணு" என்றாராம்.

வெடித்த குழியிடம் அவருக்குப் பயமில்லை. வெடிக்காமல் கிடக்கும் குழிதான் அவரைக் கொல்கிறது. திரி உள்ளுக்குள் புகைந்துகொண்டே இருக்கும். ஆள் கிட்டே போனதும் வெடிக்கும். ஒரு சத்தம் குறைந்தால் ஒரு மணி நேரம் யாரும் உள்ளே போகக் கூடாது. ஜல்லி உடைக்க முதலில் உள்ளே போகிறவளோ அவர் மனைவி செல்லம்மாள். நிழலிடம் பிடிக்க அவளுக்கு அவசரம். "இன்னாயா, எண்ணி முடிச்சியா? எடம் பூடும்" என்று கூடையோடு நிற்பாள்.

பக்கத்துக் குவாரிக்கு வெடிக்காரர், பாவாடை என்பவர். முன்பெல்லாம் இவர்கள் பதினோரு மணிக்கு வெடிப்பார்கள், அவர்கள் பன்னிரண்டுக்கு. யார் வெடித்தாலும் இரண்டு பக்கத்து ஆட்களும் சம்மட்டியைப் போட்டுவிட்டு ஓடி ஒளிய வேண்டும். சேர்ந்து ஒரே நேரத்தில் வெடித்தால் தினம் ஒரு மணி நேரம் மிச்சம் என்று மேஸ்திரி அரிகிருஷ்ணன் பேசி முடித்தார். நல்ல யோசனைதான். ஆனால் முதல் வாரமே, ஏழு குழிக்கு எடுத்துவைத்த ஏழு கல்லும் தீர்ந்ததென்று செல்லம்மாள் உள்ளே போனாள். அவள் கூடையை இறக்கிய இடத்துக்கு ஒட்டினாற்போல, வெடிக்காத குழி ஒன்று கருகிய திரியோடு கிடந்தது. பாவாடையின் சத்தம் ஒன்றுக்குத் தன் கல்லைப் போட்டிருக்கிறார் மனுஷர். திரி தானாக அணைந்திருந்ததால் அவள் பிழைத்தாள். தனகோட்டி மூன்று ராத்திரி தூங்கவில்லை.

நான்காம் நாள் பாவாடையைத் தேடிப் போனார்.

"நம்ம வெடிய நாமளே எண்ணுனா, ஆசைல ஒண்ணு கூடப் போட்டுடுறோம் பாவாட. என்னுத நீ எண்ணு. உன்னுத நான் எண்றேன்."

முதலில் இவர் வெடி. ஒரு பீடி குடிக்கும் நேரம் விட்டு அவர் வெடி. குழிக்கு ஒன்றாகக் கூழாங்கற்கள் காலையிலேயே கைமாறிவிடும். இப்போது தனகோட்டியின் பையில் இருப்பவை பாவாடையின் கற்கள். எத்தனை வெடித்தது என்று சண்டை போட்டு நின்ற நேரமும் மிச்சமானதால் மேஸ்திரிக்கு ஏகச் சந்தோஷம். தனகோட்டிக்கு ராத்தூக்கம் திரும்பியது, அவ்வளவுதான்.

நேற்று இவர் வெடிக்கும்போது பழக்கதோஷத்தில் விரல்களை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். ஏழு வந்தது. செல்லம்மாள் கூடையை எடுத்தாள். எதிர்ப் பாறைமேல் பாவாடை கையை உயர்த்தியபடி நின்றார். விரல்களுக்கிடையே ஒரு கல் மிச்சமிருந்தது.

"லாரி வந்து நிக்குது தனகோட்டி. டயம் ஆவுதுல்ல?" என்றார் மேஸ்திரி.

"நீயே ஏழுன்னு எண்ணுனியே" என்றாள் செல்லம்மாள்.

"என் காது கெடக்குது. குந்துமே."

அவள் குந்தவில்லை. தனகோட்டி அவள் முந்தானை நுனியை இழுத்துத் தன் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, வெயிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.