சித்திக்குக் கிண்டிய ரவைக் கஞ்சி

லோத்குண்டாவில் எங்களோடு தங்கி, போலாரத்தில் நான் படித்த பள்ளியிலேயே டீச்சராக இருந்த சித்திக்கு, மாதத்தில் இரண்டு தடவையாவது வாய்ப்புண் வந்துவிடும். பாலாநகர் ஆலையில் சர்க்யூட் போர்டுகளில் பழுது கண்டுபிடிக்கும் என் அப்பா, மனிதர்களின் பழுதுக்கும் பார்த்த மாத்திரத்தில் காரணம் சொல்லிவிடுவார். எல்லாம் இந்த ஊர் மிளகாய்ச் சூடு. பள்ளி வாசலில் சித்தி திருட்டுத்தனமாக மிர்ச்சி பஜ்ஜி தின்கிறாள் என்பது அவர் தீர்ப்பு.

சித்தி அந்தப் பக்கமே போனதில்லை. களைப்பாக இருக்கிறது, வயிறும் சரியில்லை என்று மட்டும் சொல்வாள். பாவம், பஸ் ஏறுவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கும். ஒருவழியாக அம்மா மனமிரங்கி, ஒரு சனிக்கிழமைக்கு டாக்டரிடம் டோக்கன் வாங்கி வைத்தாள்.

முந்தின நாள் என் புத்தகப்பையில் எண்ணெய் ஊறிய பஜ்ஜிக் காகிதம் அகப்பட்டது. தின்றது நான். வெளித்தீனி தின்றால் அப்பா அடிப்பார். பயத்தில், சித்தி தின்றுவிட்டுக் காகிதத்தை என் பையில் போட்டதாகச் சொன்னேன். எல்லோரும் சித்தியைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள்.

"ஆமா அத்தான், நான்தான் சாப்ட்டேன். அவள ஒண்ணும் சொல்லாதீங்க."

காரணம்தான் தெரிந்துவிட்டதே, டாக்டர் வேண்டாமென்று ஆகிவிட்டது. காரம், புளி எல்லாம் நிறுத்தி, மூன்று வேளையும் ரவைக் கஞ்சி, இல்லாவிட்டால் பாலில் தோய்த்த பிரெட். அம்மா அக்கறையோடுதான் கிண்டிக் கொடுத்தாள். மறுத்தால் பஜ்ஜிக்கு நாக்கு அலைகிறது என்பார்களே என்று சித்தி பேசாமல் குடித்தாள். காவலுக்கு என்னைத்தான் வைத்திருந்தார்கள். அப்பா வந்ததும் கேட்பார்.

"ஹவ்ப்பா, முழுசா குடிச்சுட்டாங்க" என்பேன் பெருமையாக, ஆமாம் என்பதை அந்த ஊர்ப் பேச்சில்.

புண் ஆறவில்லை. சித்தி இளைத்துக்கொண்டே போய், ஒருநாள் பள்ளிப் பிரார்த்தனையில் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். அவள் குடலுக்குக் கோதுமை ஆகாதாம். சத்து எதுவும் உடம்பில் ஒட்டாததால் வந்ததுதான் அந்தப் புண்ணாம். ரவையும் பிரெட்டும் கோதுமைதானே என்று டாக்டர் கேட்டபோது அம்மா அழுதுவிட்டாள். அப்பா வெளியே போய் நின்றுகொண்டார்.

உயிர் தங்கியது. பழைய உடம்பு திரும்பவில்லை. வேலையையும் விட்டுவிட்டாள்.

அன்று வார்டில் சித்தி என் கையைப் பிடித்து, பஜ்ஜி விஷயத்தை யாரிடமும் சொல்லாதே என்றாள். அப்பாடா, தப்பித்தோம் என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. 'ஆமா' என்று அவள் சொன்னபோதே, மறுநாள் டாக்டரிடம் கூட்டிப்போக மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.