மஞ்சள் கயிற்றில் அறுபது முடிச்சு

பதினேழாவது கேள்விக்குச் சங்கரலிங்கம் அண்ணன் 'ஈ' என்று குறித்திருந்ததைப் பார்த்ததும், வினாத்தாளில் நான்தான் ஏதோ தப்பாக அடித்துவிட்டேன் என்று நினைத்தேன். அடுப்படியில் உட்கார்ந்து, காய்ச்சலில் சிணுங்கிய பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு டைப் அடித்த தாள் அது. தப்பு வந்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

சிவகாசிப் பக்கம் பட்டாசு ஃபோர்மேன்களுக்குப் பயிற்சி கொடுத்துத் தேர்வு நடத்தும் ஒரு மையத்தில் நான் தேர்வுப் பிரிவு உதவியாளர். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தேர்ச்சி பெற்ற ஃபோர்மேன் இல்லாமல் வெடிமருந்து கலக்கும் ஷெட்டைத் திறக்கக் கூடாது. அதனால் எங்கள் தேர்வுக்கு வருகிறவர் தனியாளாக வருவதில்லை. அவருக்குப் பின்னால் ஒரு கம்பெனியும் அதை நம்பிய இருபது முப்பது குடும்பங்களும் காத்திருக்கும்.

அந்தத் தடவை அப்படிக் காத்திருந்த குடும்பங்களில் என்னுடையதும் ஒன்று.

வினாத்தாளை மாற்றியது

பல தடவையாக ஒரே வினாத்தாள்தான். விடைகள் வெளியே சுற்றுவதாகக் காதில் விழுந்தது. கேள்விகளின் வரிசையையாவது மாற்றலாம் என்று மையத்தின் முதல்வரிடம் சொன்னேன்.

"ஏம்மா, நல்லாப் போற வண்டியில எதுக்குக் கட்டையப் போடுறீங்க? டைப் அடிக்க ஆளு வேணும்ல?"

"நானே அடிச்சிட்டு வந்துர்றேன் சார்."

இருபத்தைந்து கேள்விகளையும் கலைத்துப் போட்டேன். தேர்வுக்கு முந்தின நாள் மூன்று முறை சரிபார்த்தேன். நாலாவது முறையும் பார்த்திருக்க வேண்டுமோ என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் தோன்றிக்கொண்டே இருந்தது.

வீட்டில் வேறொரு தொல்லை. என் கணவர் நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர். அவர்களுடைய பழைய ஃபோர்மேன் நின்றுவிட்டார். பத்து வருடமாக அங்கேயே வேலை பார்க்கும் சங்கரலிங்கம் அண்ணனை அந்த இடத்தில் போடுவதாக ஏற்பாடு. தேர்வு ஒன்றுதான் பாக்கி.

"அண்ணே பாஸாகலன்னா ஷெட்டுக்குப் பூட்டுதான். ஆர்டர் எல்லாம் எடுத்து வச்சிருக்காக. நீ ஹால்ல கொஞ்சம் பாத்துக்கோ செல்வி" என்றார் கணவர்.

"பாத்துக்கிறதுன்னா? என்ன செய்யச் சொல்றீக?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா இரு, அது போதும்."

என் கணவருக்கு மேலாளாக வரப்போகிறவர் தேர்வு எழுதுகிறார், என்னை வேறு ஹாலில் போடுங்கள் என்று முதல்வரிடம் அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. புதியவர்கள் இதை மட்டுமாவது குறித்துக்கொள்ளுங்கள்.

ஹாலில்

அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டியிருந்த சமயம். வந்தவர்களில் பாதிப் பேர் கையில் மஞ்சள் கயிறு. செல்போன், பர்ஸ், பெல்ட் எல்லாவற்றையும் வெளியே வாங்கி வைத்தோம். காப்பைக் கழற்றச் சொல்ல யாருக்கும் வாய் வராது. எனக்கும் வரவில்லை. என் செல்போனும் வெளியேதான் இருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று மதியம் வரை தெரியாது.

சங்கரலிங்கம் அண்ணன் மூன்றாவது வரிசையில் இருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பதா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் அவரைத் தாண்டிப் போய்விட்டேன்.

இரண்டாவது சுற்றில்தான் பதினேழாவது கேள்வி கண்ணில் பட்டது. வேலை முடிந்த பின் கலந்த மருந்து மீதம் இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது கேள்வி. 'அதே அறையில் மூடி வைத்து மறுநாள் பயன்படுத்த வேண்டும்' என்பது 'ஈ'. பத்து வருடம் மருந்தோடு இருந்தவர் எப்படி இதைக் குறிப்பார்? மேசைக்கு ஓடிப்போய்ப் புதிய தாளைப் பார்த்தேன். பிழை இல்லை. பிறகு பழைய தாளை எடுத்துப் பார்த்தேன். அதில் பதினேழாவது வேறு கேள்வி. அதற்குச் சரியான விடை 'ஈ'.

பழைய தாளின் விடைகளை அப்படியே வரிசையாகக் குறித்துக்கொண்டிருக்கிறார்.

திரும்பி அவர் கைகளைப் பார்த்தேன். வலது கை பேனாவைப் பிடித்திருந்தது. இடது கை மடியில் இருந்தது. அதன் மணிக்கட்டில் மூன்று சுற்றாகச் சுற்றிய மஞ்சள் கயிற்றின் ஒரு முனையைக் கட்டைவிரல் நெருடிக்கொண்டே போனது. நிற்கும், பேனா குறிக்கும், மறுபடி நகரும். அந்த விரலை எனக்குத் தெரியும். பள்ளிக்கூட லீவில் நானும் பட்டாசுச் சரம் பின்னியிருக்கிறேன். கண் வேறெங்கோ இருக்கும்போதே கட்டைவிரல் வெடிகளை எண்ணிக்கொண்டு போகும். காப்புக் கயிற்றில் ஒரு முடிச்சுதான் உண்டு. இவர் கயிறு முழுக்க இடைவெளி விட்டுக் கொத்துக் கொத்தாக முடிச்சு. ஒரு முடிச்சு என்றால் 'அ', நாலு என்றால் 'ஈ'.

பக்கத்தில் போய் நின்றேன். சும்மா இருந்தால் அவரே தோற்றுப்போவார் என்று ஒரு நினைப்பு. ஒரு வேளை எப்படியோ பாஸாகிவிட்டால்? அவர் பொறுப்பில்தானே என் கணவர் மருந்து கலக்கப் போகிறார் என்று இன்னொரு நினைப்பு. அம்மன் கயிற்றில் கை வைக்கிறோமே, வீட்டில் பிள்ளை காய்ச்சலோடு கிடக்கிறதே என்று அதற்கும் மேலே ஒன்று.

"அண்ணே, கையக் காட்டுங்க."

"காப்பு தங்கச்சி, அவுக்கக் கூடாது" என்றார் மெதுவாக.

"ஹால்ல நான் தங்கச்சி இல்லண்ணே. காட்டுங்க."

கயிற்றைக் கொஞ்சம் விலக்கினேன். அடியில் இன்னொரு கயிறு, மஞ்சள் துண்டு வைத்து ஒரே முடிச்சுப் போட்டது. நிஜக் காப்பு அதுதான். அவரும் அம்மனைத் தனியாகத்தான் வைத்திருக்கிறார் என்று தெரிந்ததும் எனக்கு மூச்சு வந்தது. மேலே இருந்ததை அவரே அவிழ்த்துக் கொடுத்தார். சரம் பின்னுகிற நூலில் மஞ்சள் தோய்த்தது.

விடைத்தாளை வாங்கிக்கொண்டு அலுவலக அறைக்கு அழைத்துப் போனேன். முதல்வர் கயிற்றை வெளிச்சத்தில் பிடித்து எண்ணினார். அறுபது முடிச்சு.

"ஏய்யா, பின்னுன நேரத்துக்குப் பாடத்தப் படிச்சிருக்கலாம்லய்யா?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். நான் கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டுவிட்டேன்.

"அண்ணே, மீதி மருந்த ஷெட்டுல வச்சிட்டு வரலாமா?"

சட்டென்று நிமிர்ந்தார். "என்ன பேச்சு பேசுறீக? ஒரு சிட்டிகை இருக்கக் கூடாது. அன்னன்னைக்கே வெளிய கொண்டுபோய் முறைப்படி அழிச்சிரணும்."

"அப்புறம் ஏன் 'ஈ' போட்டீக?"

"கயிறு அப்படித்தான் சொல்லுச்சு. படிச்சவுக போட்ட விடையாச்சே, எனக்குத்தான் தெரியலன்னு நெனச்சேன்."

முதல்வர் படிவத்தை என் பக்கம் தள்ளினார். அப்போதுதான் என் கணவரைப் பற்றிச் சொன்னேன்.

"இத முன்னாலயே சொல்ல மாட்டீங்களாம்மா?" என்று வைதார். "சரி, பாத்தது நீங்க. நீங்கதான் எழுதணும். வீட்டுக்காரரு விஷயத்தையும் கீழ ஒரு வரி எழுதிருங்க."

இரண்டையும் எழுதினேன்.

அதற்குப் பிறகு

அண்ணனுக்கு அடுத்த ஒரு தேர்வை எழுதத் தடை. ஷெட்டுக்குப் பூட்டு. பிள்ளையின் காய்ச்சல் அன்று சாயங்காலமே விட்டுவிட்டது. கணவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "சும்மா இருன்னுதான சொன்னேன்?" என்றார்.

"அந்தத் தாள்ல மீதி மருந்த மூடி வைக்கலாம்னு குறிச்சிருந்தாக."

"அண்ணனா? அவருக்குத் தெரியாததா?"

"தெரியும். தெரிஞ்சேதான் குறிச்சாக. யாரோ சொன்னத நம்பி. நாளைக்கு மொதலாளி சொன்னா?"

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் உறுத்தியது. தெரிந்த விஷயத்தை விட்டுவிட்டு சும்மா இரு என்று கணவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு நானும்தானே அன்று அண்ணன் மேசைக்குப் பக்கத்தில் தயங்கி நின்றேன்?

தற்காலிகமாக வேறு ஃபோர்மேன் கிடைத்துக் கம்பெனி திறக்க மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் தெருவில் எதிர்ப்பட்ட கம்பெனிப் பெண்கள் என்னைப் பார்த்தும் பார்க்காதது போலப் போனார்கள்.

தடை முடிந்து அண்ணன் மறுபடி வந்தார். இந்த முறை கணவர் விஷயத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு நான் ஹாலுக்கு வெளியே இருந்தேன். தேர்வு முடிந்து வந்தவரிடம், "எப்படிண்ணே?" என்றேன். என்னோடு பேசுவாரா என்பதே சந்தேகமாக இருந்தது.

"மூணு கேள்வி தெரியல. தெரியலன்னு விட்டுட்டேன்" என்றார். வெறும் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். பாஸாகிவிட்டார்.

இப்போது அவர்தான் ஃபோர்மேன். போன வாரம் கணவர் வர நேரமாகிவிட்டது. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தேன். வந்தவர் சட்டையைக் கழற்றுவதற்குள், "மீதி மருந்து?" என்றேன். தினமும் கேட்பதுதான்.

"லோடு அவசரம், மூடி வச்சிட்டுப் போங்கன்னு மேனேஜர் சொன்னாரு. அண்ணே முடியாதுன்னுட்டாக. நின்னு அழிச்சிட்டுத்தான் எல்லாரையும் விட்டாக. போதுமா? இனிமே கேக்காத."

சரி என்றேன். மறுநாளும் கேட்டேன்.