தனிக்கு எழுந்து போனவன்

வயதான ராக் பாடகர்கள் மேடை ஏறுவதைச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும் என்று பல வருஷமாகச் சொல்லிவருகிறேன். எனக்கே ஐம்பத்தெட்டு ஆகிறது, அதனால் இதைச் சொல்ல உரிமை உண்டு. எனக்கு முழங்கால் வலிக்கிறது, நான் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். அவர்களுக்கும் வலிக்கிறது, ஆனால் தோல் கால்சட்டையை மாட்டிக்கொண்டு நம் முன்னால் வந்து குதிக்கிறார்கள்.

இந்த எரிச்சல் சும்மா வந்ததில்லை. பதினேழு வயதில் ஒரு வெளிநாட்டுக் குழுவின் கேசட் என் கையில் கிடைத்தது. மந்தைவெளியில் எங்கள் வீட்டு டேப் ரிக்கார்டரில் காலையில் சுப்ரபாதம் முடிந்த கையோடு அதைப் போடுவேன். நாடா தேய்ந்து பாடகரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆன பிறகும் விடவில்லை. அந்தக் குழுவே முப்பது வருஷம் கழித்துச் சென்னைக்கு வந்தது. மதியமே போய் மைதானத்தில் வெயிலில் காய்ந்தேன். மேடைக்கு வந்த பாடகர் ஒரு துண்டுச் சீட்டைப் பார்த்து வணக்கம் சொன்னார். சரி, போகட்டும். மூன்றாவது பாட்டில் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினார், நாம் பாட வேண்டுமாம். மைக் அவர் வாயிலிருந்து நாலடி தள்ளி இருக்கிறது, அவர் குரல் மட்டும் ஒலிபெருக்கியில் நிற்காமல் பாடிக்கொண்டே போகிறது! பதிவு செய்து கொண்டுவந்த குரல். அதைப் பற்றி அங்கே ஒருவருக்கும் கவலை இல்லை. வேளச்சேரிப் பக்கத்திலிருந்து ஆபீஸ் அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டபடியே வந்திருந்த கூட்டம் ஃபோனைத் தலைக்கு மேல் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. என் இளமையை ஒருவன் பகல் கொள்ளை அடித்துவிட்டான் என்றுதான் எனக்கு இருந்தது. மைதானத்தை விட்டு வெளியே வரும்போது கண்ணில் தண்ணீர் நின்றது. வெயிலால் என்று வீட்டில் மனைவியிடம் சொன்னேன்.

அதற்கப்புறம் பெங்களூருக்குப் போய் இன்னொரு கிழவரைக் கேட்டேன். அவர் பதிவுக் குரல் எல்லாம் வைத்துக்கொள்ளவில்லை, சொந்தக் குரலிலேயே கெடுத்தார். அதோடு போதும் என்று தலைமுழுகினேன்.

ஒரே ஒருவரைத்தான் என் வசவிலிருந்து விட்டுவைத்திருந்தேன். அவர் உள்ளூர்க்காரர். நான் கல்லூரியில் படித்த காலத்தில் சென்னையில் ஒரு ராக் குழு இருந்தது. எல்லாக் கல்லூரி விழாவிலும் அவர்கள்தான் வாசிப்பார்கள். பாட்டெல்லாம் அடுத்தவன் பாட்டு, உச்சரிப்பெல்லாம் இரவல். ஆனால் அவர்களுடைய டிரம்ஸ்காரர் யாருக்கும் நகல் இல்லை. பட்டினப்பாக்கத்து மீனவக் குடும்பம், சர்ச்சில் வாசித்துப் பழகியவர். எங்கள் கல்லூரி விழாவில் ஒருநாள் மற்றவர்கள் எல்லோரும் ஒதுங்கிக்கொள்ள, அவர் மட்டும் பதினைந்து நிமிஷம் தனியாக வாசித்தார். மழை பெய்வதற்கு முன்னால் ஒன்று இரண்டு என்று விழுமே, அப்படித் தொடங்கினார். முடிக்கும்போது நான் நாற்காலி மேல் நின்றுகொண்டிருந்தேன், எப்போது ஏறினேன் என்று தெரியாது. அதற்கப்புறம் நான் எதைக் கேட்டாலும் அந்தப் பதினைந்து நிமிஷத்தோடு வைத்துப் பார்த்துத்தான் திட்டியிருக்கிறேன். அந்தக் குழு சீக்கிரமே கலைந்துபோனது. அவர் வாசித்தது எந்தக் கேசட்டிலும் இல்லை.

சென்ற வருஷம் கடற்கரையோரம் காலை நடையில் அவரைப் பார்த்தேன். நரைத்த தாடி, வலது தோளில் வலிக்குக் கட்டிய பட்டை. அடையாறில் ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்கு டிரம்ஸ் சொல்லிக்கொடுக்கிறார். நானாகப் போய்ப் பேச்சுக்கொடுத்தேன். கல்லூரியின் பெயரைச் சொன்னேன், நாற்காலி மேல் ஏறியதைச் சொன்னேன். அவர் நெஞ்சில் கை வைத்து, "அத்த இன்னும் ஞாபகம் வச்சிகினு கீறீங்களா சார்?" என்றார். அன்றிலிருந்து நான் அவரை மாஸ்டர் என்று கூப்பிட ஆரம்பித்தேன். வாரத்தில் இரண்டு நாளாவது கைப்பிடிச் சுவர்மேல் உட்கார்ந்து பேசுவோம்.

இந்த வருஷம் அவர் ஒரு செய்தியோடு வந்தார். பழைய குழு ஒரே ஒருநாள் மறுபடி சேர்ந்து வாசிக்கப்போகிறதாம். இடம் மயிலாப்பூரில் ஒரு சபா. டிசம்பர் கச்சேரி சீசன் முடிந்துவிட்டதால் அரங்கம் காலியாகக் கிடைத்ததாம்.

"தனி உண்டுதானே மாஸ்டர்?" என்று கேட்டேன்.

அவர் தோளைத் தடவிக்கொண்டார். "இல்ல சார். தோளு போயிடுச்சு. டாக்டரு வாசிக்கவே கூடாதுன்றாரு. பாட்டுக்கு மட்டும் லேசா தட்டிட்டு எறங்கிடலாம்னு கீறேன்."

அப்போது நான் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன். "தனி இல்லேன்னா நீங்க எதுக்கு மாஸ்டர் மேடை ஏறணும்? மத்த கிழவன்களுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்? ஆத்துலயே இருந்துடுங்கோ."

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன் என்று எழுத ஆசைதான். கடித்துக்கொள்ளவில்லை. ஒரு ரசிகனுக்கு இப்படிக் கேட்கும் உரிமை இருக்கிறது என்று முழுமனதாக நம்பினேன்.

அவர் தோளிலிருந்து கையை எடுத்தார். "சரி சார். உங்களுக்கோசரம் ஒரு தபா வாசிக்கிறேன். மூணாவது வரிசைல நடைபாதை ஓரமா குந்துங்க. மேடைலேர்ந்து அந்த எடம் நல்லா தெரியும். உங்க மூஞ்சியப் பாத்துகினே வாசிச்சிடுறேன்."

என் கால் தரையில் பாவவில்லை. முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் கேட்டது மறுபடி கிடைக்கப்போகிறது. கிடைத்துவிட்டால் மற்றவர்கள் எல்லோரும் என்னை ஏமாற்றியதைக்கூட மன்னித்துவிடலாம் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு நிகழ்ச்சி. மனைவியையும் இழுத்துக்கொண்டு போனேன். அவள் கச்சேரி ரசிகை. ராக் என்றால் காதில் பஞ்சு தேடுவாள். "நீங்க இத்தனை நாளா சொல்லிண்டிருக்கேளே, அந்த ஒருத்தருக்காகத்தான் வரேன்" என்றாள். மூன்றாவது வரிசையில் நடைபாதை ஓரமாக நான், பக்கத்தில் அவள்.

அரங்கம் நிறைந்திருந்தது. வந்தவர்களில் பாதிப் பேர் என் வயது, நரைத்த தலைக்கு மேல் கறுப்பு டீ-ஷர்ட். மீதிப் பேர் சபாவின் வழக்கமான கூட்டம், என்ன நிகழ்ச்சி என்று பார்க்காமலே வந்து உட்காருகிறவர்கள். இரண்டு கூட்டத்தையும் எனக்குப் பிடிக்கவில்லை. மேடையில் இருந்தவர்களை அதைவிடப் பிடிக்கவில்லை. பாடகர் மைக் கம்பத்தில் ஒரு டேப்லெட்டைச் செருகி, அதைப் பார்த்துப் பாடினார். ஒருமுறை பக்கம் தானாகத் திரும்பிவிட, வேறு பாட்டின் இரண்டு வரிகளைப் பாடிவிட்டுச் சிரித்தார். கூட்டம் கைதட்டியது. எதற்கு? கிதார்க்காரர் தலையணை போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, பாட்டுக்குப் பாட்டு சுருதி சேர்த்தார். நடுநடுவே தங்கள் சர்க்கரை அளவைப் பற்றி நகைச்சுவை வேறு. ஒவ்வொன்றுக்கும் நான் மனைவியின் காதில் கடித்துக்கொண்டிருந்தேன். "கொஞ்சம் சும்மா இருங்கோளேன், கேக்கவிடுங்கோ" என்றாள். மாஸ்டர் மட்டும் பின்னால் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் வாசித்துக்கொண்டிருந்தார். ஒருமுறை என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் அசைத்தேன்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். கர்நாடகக் கச்சேரியில் முக்கியமான பாட்டு முடியும் இடத்தில், பாடுகிறவர் நிறுத்திக்கொண்டு மிருதங்கக்காரருக்கு வழிவிடுவார். அதற்குத் தனி ஆவர்த்தனம் என்று பெயர். மயிலாப்பூரில் அது காபி நேரம். மிருதங்கம் தனியாகப் பேச ஆரம்பித்ததும் பாதி அரங்கம் எழுந்து கேன்டீனுக்குப் போகும். நானும் முப்பது வருஷமாக ஒவ்வொரு டிசம்பரிலும் போயிருக்கிறேன். மற்றவர்களுக்கு முன்னால் போய்விட்டால் வரிசை இருக்காது. அதற்காகவே எப்போதும் நடைபாதை ஓரமாக உட்காருவேன். இதைத் தப்பு என்று எங்களில் யாரும் நினைத்ததில்லை.

ஐந்தாவது பாட்டின் கடைசியில் கிதார் நின்றது. பாடகர் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனார். மற்றவர்களும் ஒதுங்கினார்கள். மேடையில் டிரம்ஸ் மட்டும் இருந்தது.

நான் எழுந்தேன்.

யோசித்து எழுந்தேன் என்றால்கூட என்னை மன்னித்துவிடுவேன். முழங்கால் தானாக நிமிர்ந்தது. எனக்கு முன்னாலும் பின்னாலும் கூட்டம் எழுந்தது, நான் அதற்கு முன்னோடியாக நடைபாதையில் வேகமாக நடந்தேன். "எங்க போறேள்?" என்று மனைவி கேட்டது காதில் விழுந்தது. "ரெண்டு காபி வாங்கிண்டு வரேன்" என்று திரும்பிப் பார்க்காமல் சொன்னேன். வழியில் ஒருவரிடம், இந்தக் கிழவர்களுக்கு வெட்கமே கிடையாதா என்று அலுத்துக்கொண்டேன். அவரும் ஆமாம் என்றார். கேன்டீனில் இரண்டு இளஞ்சிவப்பு டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நாலு பேர்தான்.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம். ஒன்று. கொஞ்சம் விட்டு இரண்டு.

மாஸ்டர் தொடங்கிவிட்டார். ஓடினேன். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு ஓடினேன். அரங்கத்தின் கதவைச் சாத்தி, அதன்முன் சட்டையில் சபா அட்டை குத்திய பெரியவர் ஒருவர் நின்றார்.

"நடுவுல உள்ள விடறதில்லை சார். வாசிச்சு முடியட்டும்."

"நான் இதைக் கேக்கத்தான் வந்தேன்!"

"அப்போ ஏன் வெளில வந்தேள்?"

கெஞ்சினேன். மாஸ்டர் எனக்காகத்தான் வாசிக்கிறார் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் சொன்னது எனக்கே பைத்தியக்காரத்தனமாக இருந்தது. பத்து வருஷமாக இதே ஆள் இதே கதவில் இதையே சொல்லி, தாமதமாக வருகிறவர்களை நிறுத்தியிருக்கிறார். உள்ளே உட்கார்ந்தபடி அவரை நான் மெச்சியிருக்கிறேன்.

கதவில் காதை வைத்துக் கேட்டேன். வேகம் ஏறிக்கொண்டே வந்தது. கல்லூரியில் கேட்ட அதே வாசிப்பு, ஆனால் அதைவிட நிதானமானது. அப்புறம் சட்டென்று நின்றது. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். பத்து வரை ஒரு சத்தமும் இல்லை. பிறகு காலால் மட்டும் அடித்தார், மெதுவாக. அதன்மேல் ஒற்றைக் கையால் ஏதோ சேர்த்தார். அப்படியே முடித்துவிட்டார். அந்த இடத்தில் அப்படி நிறுத்த எவனுக்கு வரும்? என்ன துணிச்சல்! கதவுக்கு வெளியே நின்று நான் அழுதேன். இந்தத் தடவை வெயில் இல்லை.

கதவு திறந்ததும் உள்ளே போனேன். பாதி அரங்கம் காலியாக இருந்தது. மனைவி அதே இடத்தில் இருந்தாள். என் இருக்கையில் அவளுடைய பை இருந்தது.

"நாலஞ்சு தரம் இந்தப் பக்கம் பாத்தார். நான் பையை வெச்சுண்டு கையைத் தூக்கிக் காட்டினேன். நான் யாருன்னு அவருக்கு என்ன தெரியும்?" என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு அவரைப் போய்ப் பாக்காதீங்கோ. நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றாள்.

கேட்டேனா? நிகழ்ச்சி முடிந்ததும் நேராக மேடைக்குப் பின்னால் போனேன். மீதிப் பாட்டுகளுக்கு வேறு யாரோ வாசித்தார்கள் என்பதைக்கூட நான் சரியாகக் கவனிக்கவில்லை. கேன்டீனுக்குப் போனதை எப்படி மறைப்பது என்பதிலேயே புத்தி இருந்தது.

மாஸ்டர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது தோளில் துண்டில் சுற்றிய ஐஸ்.

"பிரமாதம் மாஸ்டர்" என்றேன்.

"இருந்தீங்களா சார்?"

"இல்லாம? எழுந்து பின்னாடி போய் நின்னுண்டு கேட்டேன். உக்காந்து கேக்க முடியலே."

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. "எந்த எடம் சார் நல்லா இருந்துச்சு?"

இதற்குப் பதில் என்னிடம் தயாராக இருந்தது. "நடுவுல நிறுத்தினேளே, அந்த இடம். பத்து எண்ற வரைக்கும் ஒரு சத்தம் இல்லே. உலகத்துல எவனாலயும் முடியாது."

அவர் தோளிலிருந்த ஐஸை எடுத்து மடியில் வைத்தார்.

"நான் நிறுத்தல சார். கைய தூக்க முடில. குச்சி கீழ விழுந்துச்சு. நம்ம கிதார்க்காரரு ஓடியாந்து தோளப் புடிச்சுகினாரு. உள்ள இருந்தவங்கோ அல்லாரும் பாத்தாங்களே சார்."

மன்னிப்புக் கேட்பதற்காகக் கையை நீட்டினேன். அவர் இடது கையை நீட்டிப் பற்றினார். பற்றியவர் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். இரண்டு இளஞ்சிவப்பு டோக்கனும் வியர்வையில் நனைந்து அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தன.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். என் விரல்களை அவரே மூடிவிட்டார்.

"போய்க் குடிங்க சார்" என்றார். "கேன்டீன மூடிடப் போறாங்கோ."

போனேன். இப்போது வரிசையே இல்லை. டோக்கனை நீட்டி, நின்றபடியே இரண்டு காபியையும் ஒன்றன்பின் ஒன்றாக நானே குடித்தேன். நல்ல காபி.